காடவராயர்கள்: எழுந்ததும் மறைந்ததும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பிற்காலச் சோழர்களைப் பற்றிப் பேச்சு வந்து, நடுவில் கோப்பெருஞ்சிங்கன் என்ற காடவராய அரசனின் பெயரும் வந்துவிட்டால் போதும், அதே சந்தேகங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

காடவராயர்னா யாரு? சோழர் கதையில ஓரமா வர்ற பேரு மாதிரி இருக்கே?

நடுநாட்டுச் சிற்றரசர் குடும்பம். கெடிலமும் பெண்ணையும் ஓடுகிற திருமுனைப்பாடிப் பகுதி இவர்கள் இடம். இன்றைய கணக்கில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள். 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசின் அதிகாரிகளாகக் கல்வெட்டுகளில் தலைகாட்டுகிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் சொந்த ஆட்சியாண்டு போட்டுக் கல்வெட்டு வெட்டும் அளவுக்கு வளர்கிறார்கள். 1279ஐ ஒட்டி மறைந்துவிடுகிறார்கள்.

தலைநகர் சேந்தமங்கலம். முழு அரசர்களாக இவர்கள் இருந்தது ஏறக்குறைய 36 ஆண்டுகள்தான். ஆனால் அதற்கு முன்னால் மூன்று நான்கு தலைமுறை உழைப்பு இருக்கிறது. எனக்கு அந்தப் பகுதிதான் சுவாரசியமானது.

ராஜராஜ சோழனையே சிறையில போட்டாங்களாமே? தஞ்சைப் பெரிய கோயில் கட்டினவரையா?

இல்லை, இல்லை. பெரிய கோயில் கட்டியவர் முதலாம் இராசராசன். அவர் ஆட்சி 985 முதல் 1014 வரை. சிறைப்பட்டவர் மூன்றாம் இராசராசன், 1216இல் பட்டம் பெற்றவர். இருவருக்கும் நடுவே 200 ஆண்டுகள் ஓடிவிட்டன.

மூன்றாம் இராசராசனுக்குக் கிடைத்ததே ஏற்கெனவே அடிவாங்கிய அரசு. அவருக்கு முன்னிருந்த மூன்றாம் குலோத்துங்கன் கடைசிக் காலத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியனிடம் தோற்றார். தஞ்சையும் உறையூரும் தீக்கிரையாயின. பிறகு பாண்டியனே மனமிரங்கி முடியைத் திருப்பிக் கொடுத்தான். வென்றவன் கொடுத்த முடியை அணிந்த குடும்பத்தை, அதன் கீழிருந்த சிற்றரசர்கள் எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தால் பின்னால் நடந்தவை வியப்பாக இருக்காது.

இவங்க நிஜமாவே பல்லவ வம்சமா, இல்ல சும்மா சொல்லிக்கிட்டதா?

சொல்லிக்கொண்டார்கள் என்பது உறுதி. காடவர் என்பது பல்லவர்களுக்கே இருந்த பழைய பெயர்களில் ஒன்று. 63 நாயன்மார்களில் ஒருவரான ஐயடிகள் காடவர்கோன் பல்லவ அரசர். இந்தக் குடும்பத்தாரும் தங்களைக் கச்சிக்கும் (காஞ்சி) மல்லைக்கும் (மாமல்லபுரம்) உரியவர்களாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ‘அழகிய பல்லவன்’ என்றே கோப்பெருஞ்சிங்கனுக்கு ஒரு பெயர் உண்டு.

சிக்கல் என்னவென்றால், காஞ்சியில் பல்லவ ஆட்சி 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் முடிந்துவிடுகிறது. காடவராயர்கள் கல்வெட்டில் தெளிவாகத் தெரிவது 12ஆம் நூற்றாண்டில். நடுவில் 200 ஆண்டுக்கு மேல் இடைவெளி. விருத்தாசலத்தில் சக ஆண்டு 1108, அதாவது 1186ஐச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இந்தக் குடும்பத்தின் முன்னோர்களை வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசை சில தலைமுறைகளோடு நின்றுவிடும். காஞ்சிப் பல்லவர் வரை போய்ச் சேராது.

என் கருத்து இது: வம்சப் பெருமை இந்தக் குடும்பத்தின் பலத்தோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. சோழனுக்கு அடங்கியிருந்த காலத்தில் சோழன் பெயரைச் சூடிக்கொண்டார்கள். அடங்காத காலம் வந்தபோது, சோழனுக்கும் முந்திய ஓர் அரசப் பெயர் தேவைப்பட்டது. தொண்டை மண்டலத்தில் அதற்குப் பல்லவரைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

சரி, சாதாரண அதிகாரி குடும்பம் எப்படி ராஜா ஆச்சு?

பாடிகாவல் என்று ஓர் உரிமை இருந்தது. ஊரைக் காவல் காப்பது, அதற்காக ஊரிலிருந்து ஒரு வரியை வாங்கிக்கொள்வது. கேட்க எளிய ஏற்பாடு. ஆனால் காவல் என்றால் ஆயுதம் தாங்கிய ஆட்கள் வேண்டும், அந்த ஆட்களுக்குச் சோறு போட நிலையான வருமானம் வேண்டும். இரண்டும் ஒரே குடும்பத்தின் கையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தால் அது சிறு படை. திருமுனைப்பாடி நாட்டில் இந்த உரிமைகள் காடவராயர் கையில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

அந்தக் காலத்துப் பெயர்களைப் பார்த்தாலே நிலை புரியும். ‘குலோத்துங்கசோழக் காடவராயன்’, ‘இராசராசக் காடவராயன்’ என்று ஆளும் சோழனின் பெயரை முன்னால் போட்டுக்கொள்வார்கள். அரசர் மாறினால் முன்னொட்டும் மாறும். கூடவே ‘ஆளப்பிறந்தான்’, ‘கச்சியராயன்’ போன்ற பட்டங்கள். ஆளப்பிறந்தான் என்று மகனுக்குப் பெயர் வைக்கிற ஒரு அதிகாரியை மத்திய அரசு கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும்!

மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் இன்னொரு மாற்றம். நடுநாட்டிலும் தொண்டை மண்டலத்திலும் இருந்த சிற்றரசர்கள் தங்களுக்குள்ளேயே ஒப்பந்தம் செய்து கல்லில் வெட்டத் தொடங்கினார்கள். நிலைமைத்தீட்டு என்பது அதற்குப் பெயர். இன்னார்க்கு இன்னார் துணை, எதிரியோடு சேர மாட்டோம் என்று சத்தியம். காடவராயர், சம்புவராயர், மலையமான் குடியினர் எல்லாரும் இதில் வருகிறார்கள். அரசன் பாதுகாப்பான் என்ற நம்பிக்கை இருந்தால் இப்படி ஒரு ஏற்பாடு எதற்கு? பேரரசு வெளியே பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே எலும்பு வலுவிழந்துவிட்டது என்பதற்கு இந்தத் தீட்டுகள்தான் எனக்குத் தெரிந்து நல்ல சாட்சி.

பிறகு மணவாளப்பெருமாள். சேந்தமங்கலம் படைவீடாகவும் கோயில் நகராகவும் வளர்ந்ததோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் இவருடையது. அடுத்த தலைமுறையில் கோப்பெருஞ்சிங்கன் வரும்போது ஊர், படை, வருமானம், பட்டம் எல்லாம் தயாராக இருந்தன. தேவைப்பட்டது ஒரு வாய்ப்புதான்.

தெள்ளாற்றுப் போர்னா அது நந்திவர்மன் ஜெயிச்சது இல்லையா? இங்க எப்படி வருது?

இரண்டு போர்கள், ஒரே ஊர். வந்தவாசிக்கு அருகே உள்ள தெள்ளாற்றில் 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் பாண்டியனை வென்றான். அதனால்தான் அவன் ‘தெள்ளாறெறிந்த நந்திவர்மன்’. அதே தெள்ளாற்றில் சுமார் 1231இல் மூன்றாம் இராசராசனைக் கோப்பெருஞ்சிங்கன் தோற்கடித்துப் பிடித்தான்.

இரண்டாவது வெற்றியை வயலூர்க் கல்வெட்டு தமிழ்ப் பாட்டாகவே கொண்டாடுகிறது. சோழனையும் அவன் அமைச்சர்களையும் சிறையிட்டுச் சோணாட்டைக் கொண்டதாகப் பாட்டு சொல்கிறது. பல்லவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவருக்கு, பல்லவர் புகழ்பெற்ற அதே களத்தில் வெற்றி கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். அதை விடுவார்களா?

சோழ ராஜாவுக்கு அங்க என்ன வேலை? எப்படிப் போய் மாட்டினார்?

பாண்டியனிடம் மறுபடி மோதித் தோற்று வடக்கே நகர்ந்தபோது மாட்டினார். மேலே சொன்ன பழைய தோல்விக்குப் பிறகு சோழன் பாண்டியனுக்குக் கட்டுப்பட்டவன். திறை கொடுப்பதை நிறுத்தியதும் போர் வந்தது. தெற்கில் பாண்டியன் துரத்த, வடக்கில் தன் கீழதிகாரி என்று நினைத்தவன் வழிமறித்தான். பிடித்துக் கொண்டுபோய் வைத்த இடம் சேந்தமங்கலம்.

அப்புறம் யாரு விடுவிச்சாங்க?

கன்னட நாட்டு ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன். இந்தக் கதை முழுவதும் திருவந்திபுரம் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. மூன்றாம் இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை இன்ன நிலம், இன்ன விளக்கு, இத்தனை ஆடு என்று கணக்கு சொல்பவை. இது அப்படியில்லை. போர்க்களச் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும்.

சோழனைக் கோப்பெருஞ்சிங்கன் பிடித்து வைத்திருக்கிறான், நாட்டையும் கோயில்களையும் அழிக்கிறான் என்று செய்தி போகிறது. ‘சோழமண்டலப் பிரதிஷ்டாசாரியன்’, அதாவது சோழ நாட்டை நிலைநிறுத்தியவன், என்ற பெயரைக் காப்பாற்றாமல் எக்காளம் ஊதுவதில்லை என்று நரசிம்மன் சபதமிட்டு, தன் தலைநகர் தோரசமுத்திரத்திலிருந்து கிளம்புகிறான். வழியில் மகர நாட்டை வீழ்த்துகிறான். பாச்சூரில் தங்கிக்கொண்டு, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரண்டு தண்டநாயகர்களை (படைத்தலைவர்களை) மேலே அனுப்புகிறான்.

அவர்கள் போன வழி ஊர் ஊராகப் பதிவாகியிருக்கிறது. எள்ளேரி, கள்ளியூர்மூலை, தொழுதகையூர் அழிந்தன. கோப்பெருஞ்சிங்கன் பக்கத்து முதலிகள் (தலைவர்கள்) கொல்லப்பட்டார்கள். அதில் ஈழத்து அரசன் பராக்கிரமபாகு என்று ஒருவர் பெயரும் வருகிறது! பிறகு தில்லையில் பொன்னம்பலத்தை வணங்கிவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் பாளையம் இறங்கி, திருவதிகையையும் திருவெக்கரையையும் அழித்தார்கள். சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே உள்ள ஊர்களைச் சுட்டார்கள், பயிரை அழித்தார்கள், பெண்களைப் பிடித்தார்கள். இதையெல்லாம் மறைக்காமல் பெருமையாகவே எழுதியிருக்கிறார்கள். சேந்தமங்கலத்தை முற்றுகையிடப் போகும் நேரத்தில், சோழனை விட்டுவிடுகிறேன் என்று கோப்பெருஞ்சிங்கன் சொல்லி அனுப்புகிறான். இராசராசனைத் தண்டநாயகர்கள் அழைத்துக்கொண்டு போய்ச் சோழ நாட்டில் சேர்க்கிறார்கள்.

கையில சிக்கின ராஜாவைக் கொன்னுட்டு தானே சக்கரவர்த்தி ஆகியிருக்கலாமே?

கொன்றால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். தஞ்சையும் குடந்தையும் உள்ள காவிரிச் சமவெளி அவர் கையில் இல்லை. தெற்கே பாண்டியன், மேற்கே ஹொய்சளன், இருவருக்கும் சோழ நாட்டில் கண். உயிரோடு இருக்கும் அரசன் பேரம் பேச உதவுவான். முந்திய பதிலில் பார்த்த மாதிரி, அந்தப் பேரம்தான் சேந்தமங்கலத்தை முற்றுகையிலிருந்து காப்பாற்றியது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஹொய்சளர்கள் இவ்வளவு தூரம் வந்து, ஊர்களைக் கொளுத்திய பிறகும், கோப்பெருஞ்சிங்கனைப் பதவியிலிருந்து இறக்கவில்லை. அவர் படைவீடு அப்படியே இருந்தது.

அப்போ அவர் துரோகிதானே?

சோழர் பக்கம் நின்று பார்த்தால் ஆமாம். ஆனால் அந்தச் சொல்லை இவர் ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது சரியில்லை. நிலைமைத்தீட்டுகளைப் பற்றி மேலே சொன்னேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு சிற்றரசரும் தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொண்டார். சோழனைக் காப்பாற்ற வந்த ஹொய்சளர்கள் பிறகு கண்ணனூர் கொப்பத்தில், இன்றைய சமயபுரத்துப் பக்கம், நிலையாகத் தங்கிவிட்டார்கள். யாரும் இனாமாக உதவவில்லை.

கோப்பெருஞ்சிங்கன் ஒருத்தரா, ரெண்டு பேரா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுதே.

இருவர், தந்தையும் மகனும். முதலில் ஆய்வாளர்கள் ஒருவர் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரே பெயர், ஒரே பட்டங்கள், ஒரே தலைநகர் என்றால் குழப்பம் வரத்தானே செய்யும். கல்வெட்டுகள் கூடக் கூட, ஒரே ஆளுக்கு இவ்வளவு நீண்ட காலம் பொருந்தாது என்று தெரிந்தது.

இப்போது பொதுவாக ஏற்கப்படுவது இது. தெள்ளாற்றில் வென்றவர் முதலாமவர். 1243இல் தொடங்கும் ஆட்சியாண்டுக் கணக்கு இரண்டாமவருடையது. ‘சகலபுவனச் சக்கரவர்த்தி கோப்பெருஞ்சிங்கதேவர்க்கு யாண்டு’ என்று தொடங்கும் கல்வெட்டுகளைப் பார்த்தால் மகன் காலம் என்று எடுத்துக்கொள்ளலாம். பழைய புத்தகங்களில் எல்லாச் செயலும் ஒருவர் மேலேயே இருக்கும், பார்த்துப் படியுங்கள்.

கோயிலை இடிச்சவர்னு ஒரு பக்கம், சிதம்பரம் கோபுரம் கட்டினவர்னு ஒரு பக்கம். எது உண்மை?

இடித்தார் என்று சொல்வது திருவந்திபுரம் கல்வெட்டு. அது எதிரியின் வாக்குமூலம்; படையெடுப்புக்குக் காரணம் காட்ட வேண்டிய இடத்தில் வருகிறது. கட்டினார் என்று சொல்பவை இவர்கள் தரப்புக் கல்வெட்டுகள். அவர்களும் தங்களைப் பற்றி நல்லதாகத்தானே எழுதுவார்கள்? இரண்டு பக்கமும் தள்ளுபடி போட்டே வாசிக்க வேண்டும். போரில் கோயில்கள் சேதப்பட்டிருக்கலாம். ஆனால் கோயில் திருப்பணிக்குக் கைகொடுத்தவர்கள் என்பதற்குச் சான்று நிறைய.

சிதம்பரத்தின் தெற்கு வாசலில் ‘சொக்கச்சீயன்’ என்ற பெயரில் ஏழுநிலைக் கோபுரம் எடுத்ததை, செங்கல்பட்டுப் பகுதி ஆத்தூரில் உள்ள கல்வெட்டு சொல்கிறது. அதே தெற்குக் கோபுரத்தில் பாண்டியரின் கயல் சின்னமும் இருப்பதால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று விவாதம் உண்டு. கிழக்குக் கோபுரத்தைத் தாங்கள் எடுத்ததாக ஆந்திரத்துத் திரிபுராந்தகம் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் கோபுர வாசலில்தான் நாட்டிய கரணச் சிற்பங்கள், சாத்திரச் சுலோகங்களோடு வரிசையாக இருக்கின்றன. கோப்பெருஞ்சிங்கனின் பட்டங்களில் ‘பரதமல்லன்’ ஒன்று என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இவர்களுக்கு நடனத்தின் மேல் உண்மையான ஈடுபாடு இருந்தது என்று நம்பத் தோன்றுகிறது.

விருத்தாசலத்தில் இன்னொரு பதிவு இருக்கிறது. பெரம்பலூரில் ஹொய்சளத் தண்டநாயகர்களைக் கொன்று, அந்தப் பாவம் தீர, கொள்ளையில் கிடைத்த செல்வத்தைக் கொண்டு இறைவனுக்கு ‘அவனி ஆளப்பிறந்தான்’ என்ற பெயரில் நெற்றிப்பட்டம் செய்து கொடுத்தார்கள். பாவப் பரிகாரத்துக்கும் தன் பட்டப்பெயரே!

1231லயே சோழ அரசு முடிஞ்சு போச்சுன்னு எடுத்துக்கலாமா?

வேண்டாம். விடுதலையான பிறகும் மூன்றாம் இராசராசன் பல ஆண்டுகள் அரசராகவே இருந்தார். அவருக்குப் பின் மூன்றாம் இராசேந்திரன் வந்து கொஞ்சம் தலைநிமிரவும் பார்த்தார். ஆனால் தொண்டை மண்டலத்தில் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கு கோப்பெருஞ்சிங்கன் பெயரில் ஓடியது. ஓர் ஊரில் யார் ஆட்சி என்று அறிய அந்த ஊர்க் கோயில் சுவரில் யாருடைய யாண்டு வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே எளிய வழி.

திராட்சாராமம் வரைக்கும் போய் ஜெயிச்சாங்களா?

கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள திராட்சாராமத்தில் 1262ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. ‘மகாராஜசிம்மன்’ என்ற வடமொழிப் பெயரில் இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன் வருகிறார். ஆந்திரத்துக் காகதீய அரசன் கணபதியின் பெயரும் அதில் வருகிறது. போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனால் வழியிலிருந்த நாடுகளை எல்லாம் ஆண்டார் என்று அதற்குப் பொருளில்லை. படையோடு போகலாம், நட்பாகப் போகலாம், கோயில் தானத்துக்காகவும் போகலாம். எதிர்த்துப் போனாரா, காகதீயருக்குத் துணையாகப் போனாரா என்பதில் ஆய்வாளர்கள் இரு பக்கமாக நிற்கிறார்கள். நாலு திசையும் வென்ற பொருளில் கோபுரம் கட்டியதாகப் பாடுவது அந்தக் காலத்து வழக்கம். அதை அப்படியே வரைபடமாக்கிவிடக் கூடாது.

சுந்தரபாண்டியன் ஜெயிச்சுட்டு நாட்டைத் திருப்பிக் கொடுத்தது ஏன்?

முதலில் எந்தச் சுந்தரபாண்டியன் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தஞ்சையை எரித்தவன் மாறவர்மன். இங்கே வருபவன் 1251இல் பட்டம் ஏறிய சடையவர்மன் சுந்தரபாண்டியன், சிதம்பரத்துக்கும் திருவரங்கத்துக்கும் பொன் வேய்ந்தவன். காடவன் அனுப்பிய திறையை ஏற்காமல் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, யானை, குதிரை, செல்வம் எல்லாம் கைப்பற்றி, பிறகு அவற்றையும் நாட்டையும் அவனுக்கே கொடுத்தான் என்று பாண்டியன் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழுரை) சொல்கிறது.

தாராள மனம் என்று மெய்க்கீர்த்தி சொல்லும். நடைமுறைக் காரணம் வேறு. மேற்கே ஹொய்சள சோமேசுவரன், வடக்கே தெலுங்குச் சோழன் கண்டகோபாலன் என்று பாண்டியனுக்கு இன்னும் வேலை பாக்கி இருந்தது. நடுநாட்டை நேரடியாக ஆள்வதற்கு ஆட்களையும் படையையும் ஒதுக்குவதைவிட, அடிபட்டு அடங்கிய காடவனையே அங்கே வைப்பது லாபம். அதற்குப் பிறகும் கோப்பெருஞ்சிங்கன் தன் ஆட்சியாண்டிலேயே கல்வெட்டு வெட்டினார். ஆனால் பாண்டியன் விட்டுவைத்ததால் இருக்கும் அரசு என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். சோழனுக்கு முன்பு நடந்ததே இப்போது இவருக்கும் நடந்தது.

சரி, கடைசியா இந்தக் குடும்பம் எப்படித்தான் அழிஞ்சது? போரா, வாரிசு இல்லையா?

கடைசிப் போர் என்று எடுத்துக் காட்ட ஒரு களமோ, மரணச் செய்தியோ கிடையாது. இரண்டாம் கோப்பெருஞ்சிங்கனின் 36ஆம் ஆண்டு வரை கல்வெட்டு வருகிறது, கணக்கிட்டால் 1278–79. அதோடு சரி. அடுத்த காடவராயர் பெயரில் யாண்டு தொடங்கவில்லை. அந்த ஊர்களில் அப்புறம் பாண்டியர் யாண்டு வருகிறது. அப்போது மதுரையில் இருந்தவன் 1268இல் பட்டம் ஏறிய மாறவர்மன் குலசேகரன். கீழ்ப்பட்டவர்களை விட்டுவைத்து ஆளும் பழைய முறையை அவன் காலத்தில் பாண்டியர்கள் கைவிட்டதாகத் தெரிகிறது. ஹொய்சள இராமநாதனும் இந்தச் சமயத்தில்தான் தமிழ் நிலத்தில் தன் பிடியை இழக்கிறான்.

இணையத்தில் சிலர் இந்த வெற்றிடத்தில் தீ, நச்சு, துரோகம் என்று கதை வைத்து நிரப்புகிறார்கள். கதையாக எழுதினால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வரலாறு என்று பெயர் போட்டு எழுத வேண்டாம்.

சோழனும் 1279, இவங்களும் 1279. தற்செயலா?

இல்லை என்றே நினைக்கிறேன். மூன்றாம் இராசேந்திர சோழனின் கடைசிக் கல்வெட்டும் 1279ஐச் சேர்ந்ததே. இரண்டு குடும்பங்களையும் முடித்து வைத்தது ஒரே பாண்டியப் பெருக்கு.

அதற்குள் இன்னொரு காரணமும் இருக்கிறது. காடவராயரின் பலம் எல்லாம் சோழ அமைப்புக்குள் கிடைத்தது: காவல் உரிமை, பட்டம், நாட்டு அதிகாரம். சோழன் பலவீனமாக, ஆனால் உயிரோடு, இருக்கும்வரை நடுநாட்டுக்காரர்களுக்கு மதிப்பு. காவிரிக்கும் காஞ்சிக்கும் நடுவில் அவர்கள் தயவு எல்லாருக்கும் வேண்டியிருந்தது. காவிரிச் சமவெளி முழுக்கப் பாண்டியன் கைக்குப் போன நாளில் அந்தத் தேவை போய்விட்டது. வெறும் வாரிசுப் பிரச்சினையாக இருந்தால் பங்காளி யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்.

சம்புவராயர் மட்டும் எப்படித் தப்பினாங்க? அவங்களும் இதே மாதிரி ஆளுங்கதானே?

ஒரே மாதிரி ஆட்கள்தான், ஒரே காலத்து நிலைமைத்தீட்டுகளில் வருபவர்கள்தான். வேறுபாடு இடத்திலும் வேகத்திலும் இருக்கிறது. சம்புவராயர் வட தொண்டை மண்டலத்தில், பாண்டியப் படை வரும் வழியிலிருந்து தள்ளி இருந்தார்கள். அரசனைச் சிறைபிடித்துச் சக்கரவர்த்தி என்று அறிவிக்கும் அவசரமும் காட்டவில்லை. 14ஆம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சி குலைந்தபோது படைவீடு என்ற ஊரிலிருந்து தனியரசு நடத்தினார்கள். பிறகு விசயநகர இளவரசன் குமார கம்பணனிடம் அடங்கினார்கள். காத்திருந்தவர்களுக்குச் சில பத்தாண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன, அவ்வளவே.

எங்க குடும்பத்துக்குக் கச்சிராயர் பட்டம் இருக்கு. நாங்க அவங்க வாரிசா?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. பட்டத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. சோழர் காலத்தில் இந்தப் பட்டங்கள் ஒரே குடும்பத்துக்கு என்று பதிவு செய்யப்பட்டவை அல்ல. அரசு கொடுத்தது, பெற்றவர் சூடிக்கொண்டார். பிற்காலத்தில் பாளையக்காரர்களும் ஊர்த் தலைவர்களும், வெவ்வேறு சமூகங்களைச் சேர்ந்தவர்களும், இதே பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். 1279க்கும் பாளையக்காரர் காலத்துக்கும் நடுவே உள்ள நீண்ட இடைவெளியை இணைக்க ஒரு பட்டப்பெயர் போதாது. பல்லவர் உரிமை பற்றி மேலே எழுதியதும் இதே தர்க்கம்தான். அவர்களுக்கு ஓர் அளவுகோல், நமக்கு ஓர் அளவுகோல் என்று வைக்க முடியாது.

சாதி பற்றிய சண்டைக்கு இந்தப் பக்கத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே அரசரை மூன்று நான்கு சமூகங்கள் தங்களவர் என்று சுவரொட்டி ஒட்டுவதைப் பார்த்தால், உயிரோடு இருந்தபோது அவருக்கு இவ்வளவு ஆதரவு இருந்திருந்தால் சேந்தமங்கலம் விழுந்திருக்காது என்று தோன்றும்.

சேந்தமங்கலம் போகலாம்னு கூகுள் மேப்ல போட்டா நாமக்கல் காட்டுது. சரிதானா?

தவறு. நாமக்கல் மாவட்டத்தில் அதே பெயரில் பெரிய ஊர் இருப்பதால் பலர் அங்கே போய் இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் தேட வேண்டியது கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை வட்டத்தில், கெடிலக் கரையில் உள்ள சேந்தமங்கலம். அங்கே உள்ள ஆபத்சகாயேசுவரர் கோயில்தான் கல்வெட்டுகளில் வரும் வாணிலைகண்டீசுவரம். அரண்மனை, கோட்டை என்று எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். கோயிலைப் பார்க்கப் போங்கள்.

அப்படியே கடலூர்ப் பக்கம் வந்தால் திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயிலும் கெடிலக் கரையில்தான். சோழனை மீட்ட படையெடுப்பின் கல்வெட்டு இருப்பது அங்கே. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். விருத்தாசலத்தையும் சேர்க்க நினைத்தால் இன்னொரு நாள் ஒதுக்குங்கள்; அங்கே சுவர்களில் படிக்க வேண்டியது அதிகம்.